ஆக்கி: ஒரு சொல்லும் ஒரு சம்பளச் சீட்டும்

தமிழ்வழியில் கணிப்பொறி அறிவியல் படித்தவர்களுக்கு 'ஆக்கிகளும் அழிப்பிகளும்' என்னும் பாடம் நினைவிருக்கும். 2000களின் நடுப்பகுதியில் தமிழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் சி++ மொழி இடம்பெற்றபோது வந்தது அது. நூலின் அட்டையைப் பாராமல் தலைப்பை மட்டும் படிப்பவர், சைவ சித்தாந்த நூலொன்றின் இயல் என்றே எண்ணக்கூடும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் எத்தனையோ பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டு, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போயிருப்பார்கள். ஆக்கி என்றால் என்ன என்னும் வினாவுக்கு அவர்கள் எழுதிய விடை ஏறத்தாழ இப்படி இருக்கும்: ஒரு பொருள் உருவாக்கப்படும்போது தானாகவே இயங்கி, அதற்குத் தொடக்க மதிப்பிருத்தும் செயற்கூறு.

விடை சரியானதே. ஆனால் அப்படியொன்று ஏன் தேவைப்பட்டது, அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது, அதற்காக யார் யார் தலையை உடைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த விடையில் இல்லை. அந்த வரலாற்றையே இங்கே எழுத முற்படுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்தால் பவணந்தி முனிவரும் வந்து சேர்வார்.

முதலில் இரண்டு சொற்கள். பாடநூல் 'இனக்குழு' என்று ஒன்றைச் சொல்கிறது. மானிடவியல் படித்தவர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. ஒரே அமைப்பும் ஒரே நடத்தையும் உடையவற்றுக்குரிய வரையறை என்பதே அதன் கருத்து. 'தொழிலாளி' என்பது இனக்குழு. டோக்கன் எண், பெயர், நாட்கூலி, முன்பணம் ஆகியவை அவ்வரையறையில் அடங்கும். அவ்வரையறைப்படி கணிப்பொறியின் நினைவகத்தில் இடம்பிடித்து நிற்கும் ஒவ்வொரு தனித்தொழிலாளியின் பதிவும் 'பொருள்'. இவ்விரண்டையும் கைக்கொண்டால் போதும்.

1990களின் இறுதியில் எங்களுள் ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்துக்குச் சம்பளப் பட்டியல் நிரல் எழுதிக் கொடுத்தார். 1964இல் தொடங்கிய அத்தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங்கும் ஓடும் பட்டறைகளுக்கு நடுவே கணிப்பொறிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. நிரல் எழுதப்பட்டது சி மொழியில். டோக்கன் எண் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவை நினைவகத்தில் எடுத்து, நாட்கூலியை நிரப்பி, அவர் முன்பணம் வாங்கியிருந்தால் அத்தொகையையும் நிரப்பி, கணக்கிட்டுச் சீட்டை அச்சிட வேண்டும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஐந்து பேரில் முன்பணம் வாங்கியவர் எவருமில்லை. எல்லாம் சரியாக வந்தது. சம்பள நாளன்று மாலை, நடுவயதுத் தொழிலாளி ஒருவர் சீட்டோடு அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"சார், நான் இந்த மாசம் அட்வான்ஸே வாங்கல. யாரோ வாங்குனத என் தலையில போட்டுட்டீங்களே."

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவருக்கு முந்தைய டோக்கன்காரர் வாங்கிய முன்பணம்தான் அவர் சீட்டில் கழிக்கப்பட்டிருந்தது. சி மொழியில் ஒரு செயற்கூற்றுக்குள் அறிவிக்கப்படும் பதிவு வெற்றிடமாகப் பிறப்பதில்லை. அந்த நினைவக இடத்தில் முன்னர் எவர் குடியிருந்தாரோ அவர் விட்டுச்சென்ற எச்சங்களோடுதான் கைக்கு வரும். முன்பணம் வாங்கியவருக்கு நிரல் அக்கட்டத்தை நிரப்பியது, வாங்காதவருக்கு நிரப்பவில்லை. செயற்கூறு மறுபடி அழைக்கப்பட்டபோது அதே இடம் அடுத்தவருக்குக் கிடைத்தது. பழைய தொகை அழியாமல் அங்கேயே இருந்தது. முன்வினை தொடரும் என்று நம் மரபு சொல்வதை இவ்வளவு துல்லியமாக நிகழ்த்திக் காட்டும் பொறி வேறில்லை. ஒரே வேறுபாடு, இங்கே ஒருவர் வினை இன்னொருவரைப் பற்றிக்கொண்டது.

நிரல் எழுதியவரின் பிழைதான் அது, மறுப்பதற்கில்லை. 'தொடங்கு' என்று ஒரு செயற்கூறு எழுதி, ஒவ்வொரு பதிவையும் எடுத்தவுடன் அதை அழைத்துக் கட்டங்களையெல்லாம் சுழியாக்கியிருக்க வேண்டும். ஆனால் நினைவில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டிய ஒன்று என்றேனும் ஒருநாள் மறக்கப்படும். பதிவு எடுக்கப்படும் இடங்கள் இருபது இருந்தால் இருபத்தோராவது இடத்தில் மறக்கப்படும். இந்த மறதியை மனிதனின் பொறுப்பிலிருந்து எடுத்து மொழியின் பொறுப்பாக்க முடியுமா என்பதே ஆக்கியின் வரலாற்றை நடத்திச் சென்ற கேள்வி.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்து, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த அதே ஆண்டுகளில், நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் இருவர் தொழிற்சாலைகளைப் பற்றியே வேறு வகையில் சிந்தித்துக்கொண்டிருந்தனர். நார்வே கணிப்பு மையத்தைச் சேர்ந்த கிறிஸ்டன் நிகார்டும் ஊலே-யோஹான் டாலும்தான் அவர்கள். எந்திரங்கள், அவற்றின் முன் வரிசையில் காத்திருக்கும் வேலைகள், வந்து சேரும் வாடிக்கையாளர்கள் ஆகியவற்றைக் கணிப்பொறிக்குள் நடித்துப் பார்ப்பதற்கு ஒரு மொழி வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அம்பத்தூரின் ஏதேனும் ஒரு பட்டறையை அப்படியே பெயர்த்து உள்ளே வைத்தாற்போன்ற கணக்குகள் அவை. அதற்கென முதலில் சிமுலா என்னும் மொழியையும், பின்னர் அதைப் பொதுமைப்படுத்தி 1967இல் சிமுலா 67ஐயும் உருவாக்கினார்கள். இனக்குழு, பொருள், மரபுரிமம் ஆகிய கருத்துகள் ஒருங்கே தோன்றியது அங்கேதான்.

சிமுலாவில் ஆக்கி என்று தனியாக எதுவும் கிடையாது. இனக்குழுவுக்கே ஓர் உடல் உண்டு. அந்த உடலில் கட்டளைகள் உண்டு. புதிய பொருளொன்றைக் கேட்டவுடன் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படும், எண்கள் சுழியாகும், கொடுத்த அளபுருக்கள் உள்ளே செல்லும், உடனே அவ்வுடலின் கட்டளைகள் இயங்கத் தொடங்கும். பொருள் தன்னைத் தானே சீர்செய்துகொண்டு எழுகிறது. இன்னும் வியப்பானது, அக்கட்டளைகள் தொடக்கத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. பொருள் நடுவில் நின்று, வெளியுலகுக்கு வழிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதாவது ஒரு பொருளின் பிறப்பும் அதன் வாழ்க்கையும் ஒரே நெடும் பனுவலின் பகுதிகள். அழகில் இதற்கு நிகரான ஏற்பாடு பின்னர் வரவில்லை என்பது எங்கள் கருத்து. பின்வந்தவர்கள் பிறப்பை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு வாழ்க்கையை விட்டுவிட்டார்கள்.

அடுத்த கட்டம் அமெரிக்காவின் மேற்குக் கரையில். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970களில் அலன் கேயும் அவர் குழுவினரும் ஸ்மால்டாக் மொழியை வளர்த்தார்கள். அங்கே எல்லாமே பொருள். இனக்குழுவும் ஒரு பொருளே. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் இனக்குழுவிடம் கேட்க வேண்டும். அது தரும் பொருளின் கட்டங்களிலெல்லாம் 'நில்' என்னும் ஒன்றுமின்மை இருக்கும். பிறர் கடன் நம் தலையில் விழாது, உண்மைதான். ஆனால் நாட்கூலி 'ஒன்றுமில்லை' என்றிருக்கும் தொழிலாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வொரு இனக்குழுவும் தன் பொருளைத் தனக்கேற்ற வகையில் நிரப்பித் தர வேண்டும். அதற்கு, எல்லா இனக்குழுக்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் நிலை மாற வேண்டும். இதற்காகவே ஸ்மால்டாக்-80இல் ஒவ்வொரு இனக்குழுவுக்கும் மேலே இன்னோர் இனக்குழு வைக்கப்பட்டது. தொடக்க மதிப்பிருத்தப்பட்ட பொருள்களைப் பிறப்பிப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று என்று அடெல் கோல்ட்பர்க்கும் டேவிட் ராப்சனும் 1983இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். ஒரு சிறிய மறதியைத் தடுக்க இவ்வளவு பெரிய மாடி எழுப்ப வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, நிரப்பும் செய்தியை மறவாமல் அனுப்புவது நிரல் எழுதுபவரின் நல்லொழுக்கத்தைச் சார்ந்ததாகவே இருந்தது.

நம் பிள்ளைகள் படித்த ஆக்கி பிறந்தது மூன்றாம் இடத்தில். டென்மார்க்கில் பிறந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வின்போது சிமுலாவில் எழுதிப் பார்த்தவர். மொழியின் கருத்துகள் அவரைக் கவர்ந்தன. அதன் வேகம் கைவிட்டது. வேறு வழியின்றிப் பிசிபிஎல் என்னும் தாழ்நிலை மொழியில் திரும்ப எழுதினார். அந்தக் கசப்போடு 1979இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர், சி மொழியின் வேகமும் சிமுலாவின் இனக்குழுவும் ஓரிடத்தில் கிடைக்கும்படி 'இனக்குழுக்களோடு கூடிய சி' என்று ஒன்றைத் தொடங்கினார். 1983இல் அது சி++ என்று பெயர் பெற்றது. 1985இல் வணிகமுறையில் வெளிவந்தது.

அவருடைய தொடக்ககால மொழியில் ஆக்கிக்குப் பெயர் 'நியூ', அதாவது புதிது. பின்னர்தான், ஆக்கிக்கு இனக்குழுவின் பெயரையே இடுவது என்னும் மரபு வந்தது. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கப்பட்ட விதி இதுதான். அழிப்பியின் முன்னால் இடப்படும் நெளிகோடு, சி மொழியில் 'இதன் எதிர்' என்று பொருள்படும் குறி. ஆக்கியின் எதிர் அழிப்பி. தேர்வுக்காகப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சிறு நகைச்சுவை சொல்லித்தரப்பட்டதோ!

பெயரைவிட அதன் பின்னிருந்த எண்ணமே முக்கியம். ஓர் இனக்குழுவின் செயற்கூறுகள் இயங்குவதற்கு ஒரு சூழல் தேவை. அச்சூழலை நிறுவுவது ஆக்கி, கலைப்பது அழிப்பி என்று ஸ்ட்ரூஸ்ட்ரூப் கருதினார். இக்கருத்துக்குக் கணித வடிவம் முன்பே இருந்தது. 1972இல் டோனி ஹோர் எழுதிய கட்டுரையொன்று, ஒரு பொருளின் வாழ்நாள் முழுதும் மெய்யாக இருக்க வேண்டிய மாறா விதி ஒன்று உண்டு என்றது. தொடக்கச் செயல் அவ்விதியை நிறுவ வேண்டும். பின்வரும் ஒவ்வொரு செயலும் அதைக் கெடாமல் காக்க வேண்டும். அப்படியானால் தொடக்கச் செயல் நடவாமல் பொருள் வெளியே வர வழியே இருக்கக்கூடாது. சி++ இதை மொழியின் விதியாக்கியது. ஆக்கி எழுதப்பட்ட இனக்குழுவின் பொருளை, அந்த ஆக்கியைத் தாண்டி எவரும் சாதாரணமாக உருவாக்க இயலாது.

தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை. பழைய சிஎன்சி எந்திரங்களை மின்னூட்டியவுடன் ஓட்டிவிட முடியாது. ஒவ்வோர் அச்சையும் அதன் ஹோம் நிலைக்குக் கொண்டுசென்று காட்டினால்தான் எந்திரத்துக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். அதுவரை ஆட்டோவில் ஓட மறுக்கும். பிறகு செட்டர் வந்து டூல் ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை எடுத்து அளந்து பார்த்து, சரியென்றால்தான் ஆபரேட்டரிடம் விடுவார். ஹோம் எடுக்காத எந்திரம் சும்மா நிற்பதால் இழப்பு சில நிமிடங்கள். தவறான இடத்தைச் சரியான இடமென்று நம்பி ஓடினால் டூல் உடையும், சக் சிதையும், சில நேரம் கையும் போகும். அந்தப் பட்டறைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து எழுதிய சம்பள நிரலில் அத்தகைய தடுப்பு ஏதும் இல்லாமற்போனதை எண்ணினால் எங்கள் நண்பருக்கு இன்றும் நாணமாக இருக்கிறது.

இப்போது பவணந்தியார். நன்னூல் பாயிரத்தைப் பற்றிச் சொல்வதை ஒருமுறை நினைவுகூர்வோம். எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது அவர் முடிபு. பொதுப்பாயிரம் எல்லா நூலுக்கும் உரியது. நூலின் இயல்பு, ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை ஆகிய ஐந்தைக் கூறும். சிறப்புப்பாயிரம் அந்தந்த நூலுக்கே உரியது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டைக் கூறும். மரபுரிமம் படித்தவர்கள் இங்கே புன்னகைக்கக்கூடும். முன்னோர் இனக்குழுவின் ஆக்கி முதலில், வழித்தோன்றலின் ஆக்கி அடுத்து என்பதே சி++இன் வரிசை. பாடநூலார் தேர்ந்த 'ஆக்கி'யும் நன்னூலின் 'ஆக்கியோ'னும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதும் ஒரு நிறைவு.

சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்துகொள்ளலாகாது, அவனுடைய ஆசிரியனோ உடன்பயின்றவனோ மாணாக்கனோ உரைகாரனோ செய்ய வேண்டும் என்றும் நன்னூல் சொல்கிறது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்தார். எல்லையும் அவையும் ஆசிரியர் பெயரும் அதில் உள்ளன. தொடக்கத்தை யார் செய்வது என்னும் இதே கேள்விக்குத்தான் மொழிகள் வேறுவேறு விடை தந்தன: சிமுலாவில் பொருள் தானே, ஸ்மால்டாக்கில் இனக்குழு, சியில் அழைப்பவன், சி++இல் அதற்கெனவே அமர்த்தப்பட்ட ஒருவன். ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். பவணந்தியார் காத்தது நூலின் மதிப்பை. ஸ்ட்ரூஸ்ட்ரூப் காக்க முனைந்தது நினைவகத்தை.

எட்டுச் செய்திகள் கட்டாயம் என்ற நன்னூலின் கண்டிப்பு நிரலுக்கும் நல்லது. சுழியாக்கினால் போதும் என்று நாம் முதலில் நினைக்கிறோம். 1995இல் வெளிவந்த ஜாவா எல்லாக் கட்டங்களையும் தானே சுழியாகவோ வெறுமையாகவோ ஆக்கித் தருகிறது. முன்பணம் சுழி என்பது பொருளுடையது. நாட்கூலி சுழி என்பது பொய். பெயரே இல்லாத தொழிலாளி என்பது அபத்தம். டோக்கன் எண், பெயர், கூலி மூன்றையும் கொடுத்தாலன்றித் தொழிலாளி உருவாகவே கூடாது என்று எழுதப்படும் அளபுரு ஆக்கிதான் மெய்யான காவல். எதையும் கேளாமல் எல்லாவற்றையும் சுழியாக்கும் ஆக்கி, கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. சி++இல் ஆக்கியை எழுதிவிட்டு ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால் பழைய குப்பை அங்கேயே கிடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொழி இடத்தை மட்டுமே காட்டும். நிரப்ப வேண்டியவர் நாமே.

சிக்கல்கள் வேறும் உண்டு. 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்' என்பார்கள். சோறாக்குவதற்குச் சொன்னது பொருளாக்குவதற்கும் பொருந்தும். முன்னோர் ஆக்கி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வழித்தோன்றல் மாற்றி எழுதிய செயற்கூறு ஒன்றை அழைத்தால் என்னவாகும்? வழித்தோன்றலின் பகுதி இன்னும் வேகவில்லை. சி++ அவ்வேளையில் முன்னோரின் செயற்கூற்றையே இயக்கும், வேகாததைத் தொடவிடாது. ஜாவா வழித்தோன்றலின் செயற்கூற்றையே இயக்கிவிடும்; அது தன் கட்டங்களைப் பார்த்தால் சுழியும் வெறுமையுமாக இருக்கும். எது சரி என்பதில் இருதரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எங்கள் வாக்கு சி++க்கே.

ஆக்கி தோற்றால் என்ன செய்வது என்பது இன்னொன்று. அது எந்த மதிப்பையும் திருப்பித் தருவதில்லை. எனவே 'முடியவில்லை' என்று சொல்ல அதற்கு வாயில்லை. சி++க்குள் விதிவிலக்கு என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்கி முடியவில்லையென்றால் பொருள் பிறக்கவேயில்லை. அரைகுறையாக எதுவும் மிஞ்சுவதில்லை. அப்ஜெக்டிவ்-சி போன்ற மொழிகள் வேறு வழியில் சென்றன. அங்கே இடம் ஒதுக்குவது ஒரு செய்தி, நிரப்புவது மற்றொரு செய்தி.

1990களின் இறுதியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் பொறியியல் கல்லூரிகள் பெருகின. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பழைய கொட்டகைகளுக்கிடையே எச்சிஎல் போன்ற மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. கல்லூரி ஆய்வகங்களில் போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி++ நீலத்திரையோடு பல்லாண்டுக் காலம் ஆண்டது. 1998இல் சி++க்குத் தரவரையறை வந்ததற்கு முற்பட்ட கருவி அது. அதில் ஆக்கியை எழுதிப் பழகிய பிள்ளைகள், ஆக்கிக்குள் 'ஆக்கி அழைக்கப்பட்டது' என்று திரையில் அச்சிடுவதையே அதன் பயனாகக் கருதி வெளியே வந்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பிறர் கடன் தலையில் விழுந்த ஒருவரை அவர்கள் பார்த்திருக்கவில்லை.

பள்ளிப் பாடநூலில் சி++ 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கு இறங்கியது. 2019 முதல் பன்னிரண்டில் பைத்தான் வந்தது. பைத்தானில் ஆக்கி என்று பிள்ளைகள் எழுதும் செயற்கூறு, கறாராகப் பார்த்தால், முன்பே உருவாகிவிட்ட பொருளை நிரப்புவது மட்டுமே; உருவாக்குவதற்கு வேறொன்று இருக்கிறது. எனினும் ஆக்கி என்ற சொல்லே அங்கும் தொடர்கிறது. அழிப்பிகளின் கதை இதனினும் நெடியது. அதைப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.

சம்பளச் சீட்டின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டோம். நிரலைத் திருத்த ஒரே வரி போதுமாயிருந்தது. பிடித்த தொகையை அடுத்த மாதச் சீட்டில் திருப்பித் தரச் சொன்னார் முதலாளி. அதற்கென்று தனிக்கட்டம் நிரலில் இல்லாததால், 'இதர வரவு' என்னும் தலைப்பின் கீழ் அதைச் சேர்த்தார் நண்பர். தொழிலாளி சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"என் காசையே எனக்கு இதரன்னு போட்டுட்டீங்களே சார்" என்றார்.